தினமும் ஒரே இடத்தில் நின்ற லாரி

வண்டியைப் பார்க்கச் சொல்லி என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், ஓட்டுகிற ஆளைப் பார்க்கச் சொல்லித்தான் வருகிறார்கள். இன்ஜின் ஏன் நிற்கிறது என்று முதலில் கேட்பார்கள். டீ வந்த பிறகு, டிரைவர் ஏதாவது பண்ணியிருப்பானா பாய் என்று குரலைத் தாழ்த்துவார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது. இரண்டையும் மனிதன் மேல் வைத்துப் பார்க்க முடியாது.

லாரிக் கம்ப்யூட்டர் என்றால் திரையும் கீபோர்டும் இல்லை. இன்ஜினின் பக்கவாட்டில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. எவ்வளவு டீசல், எந்த நொடியில், எந்த சிலிண்டருக்கு என்று அதுதான் முடிவு செய்கிறது. டிரைவர்கள் அதை மூளை என்பார்கள். அது நன்றாக இருக்கும்வரை யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தத் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்த அம்மாவை எல்லோரும் டீச்சர் என்றார்கள். மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, அபார்ட்மெண்டுகளுக்குத் தண்ணீர் ஓட்ட லாரிகள் வாங்கியவர். லாரி முன்னால் வர, அவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் செல்போனை என் முன்னால் நீட்டினார்.

“பாய், இந்த மேப்பைப் பாருங்க. இது எல்லாம் வண்டி நின்ன இடம்.”

லாரியில் ஜி.பி.எஸ். டிராக்கர் வைத்திருந்தார். திரையில் மாம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் ஒரு நீலக்கோடு. பொன்மார் தாண்டியதும் அதன் மேல் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. ரோட்டின் இரண்டு பக்கமும் காலி மனைகள் உள்ள இடம் அது.

“தினமும் அதே இடம். லோடோட வரும்போது பத்து நிமிஷம் நிக்குது. கேட்டா இன்ஜின் தானா ஆஃப் ஆகுதுங்கறான். அது எப்படி பாய், தானா ஆஃப் ஆகற இன்ஜின் கரெக்டா ஆள் இல்லாத இடத்துல ஆஃப் ஆகும்?”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. டீசலை உறிஞ்சி விற்பதற்கு அதைவிட வசதியான இடம் அந்த ரோட்டில் இல்லை. ஒரு முறை வேறு டிரைவரை விடியற்காலையில் அனுப்பிப் பார்த்ததாகவும், அன்றைக்கு வண்டி எங்கேயும் நிற்கவில்லை என்றும் சொன்னார். பிறகு போனில் இன்னொன்றைத் திறந்து காட்டினார். டிரைவரின் போட்டோ. அதன் கீழே, இவர் டீசல் திருடுகிறார், யாரும் வேலை கொடுக்க வேண்டாம் என்று டைப் செய்து வைத்திருந்தார். டேங்கர் ஓனர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் ஒருவன் போட்டோ வந்துவிட்டால் மேடவாக்கம், கோவிலம்பாக்கம், சித்தாலப்பாக்கம் எங்கேயும் அவனுக்கு ஸ்டியரிங் கிடைக்காது.

“இன்னும் அனுப்பல. நீங்க பார்த்துச் சொல்லுங்க. வண்டில கோளாறு இல்லைன்னா அனுப்பிடுவேன்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. நீதிபதி வேலைக்கு நான் எங்கேயும் விண்ணப்பம் போடவில்லை. ஆனால் கடை வாசலில் வந்து நிற்கிற வண்டியை வேண்டாம் என்று சொல்லியும் பழக்கமில்லை.

டிரைவர் இவ்வளவு நேரமும் லாரியின் மறுபக்கத்தில் நின்றிருந்தார். நாற்பதைத் தொட்டிருக்கும் வயது. தன் போட்டோ அந்த போனில் இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவர் நிற்கிற மாதிரிதான் நின்றார்.

ஸ்கேனரை மாட்டினேன். அது ஒரு கூட்டமே பேசுவதுபோல வரிசையாகக் கோளாறுகளைச் சொன்னது. ஆயில் பிரஷர் சென்சார் சரியில்லை, டீசல் பிரஷர் சென்சார் சரியில்லை, ஆக்சிலரேட்டர் பெடலில் உள்ள சென்சாரும் சரியில்லை. எனக்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். புதுச் சென்சாரும் பழையது சொன்ன அதே புகாரைச் சொல்லியிருக்கிறது. உடனே டீசல் ஃபில்டரைத் திறந்து பார்த்து, துளித் தண்ணீர் இருப்பதைக் காட்டி, டீசலில் ஏதோ விளையாடியிருக்கிறார்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் ஊரில் மெக்கானிக்குக்குக் கோளாறு பிடிபடவில்லை என்றால் பழி டீசலுக்கு, டீசல் மேல் பழி என்றால் அது டிரைவர் தலையில்.

ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வராமல் போனால், வீடு வீடாகப் போய்க் குழாயை மாற்றிக்கொண்டிருக்க மாட்டோம். மேல்நிலைத் தொட்டியைத்தான் போய்ப் பார்ப்போம். அந்தச் சென்சார்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து வோல்ட் மின்சாரம் அனுப்புவது அந்த அலுமினியப் பெட்டி. கடை வாசலில் அளந்தபோது ஐந்து சரியாகவே இருந்தது. இன்ஜினை எவ்வளவு நேரம் ஓடவிட்டும் நிற்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், போட்டோவை அனுப்பிவிடலாமா என்ற கேள்வி இருந்தது.

“நின்ன இடத்துலதான் போய்ப் பார்க்கணும்,” என்றேன்.

மறுநாள் மாம்பாக்கத்தில் கிணற்றடியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பியபோது நான் கேபினில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஸ்கேனர். சென்சார் வயரில் குத்திய மீட்டரை டேஷ்போர்டு மேல் வைத்திருந்தேன். உச்சி வெயில். பொன்மார் தாண்டியதும் டிரைவர் முன்னால் கை காட்டினார்.

“இப்போ பாருங்க பாய். அந்த மஞ்ச போர்டு கீது இல்ல, அத்த தாண்டுறதுக்குள்ள நின்னுடும்.”

மீட்டரில் ஐந்து என்பது நான்கரை ஆனது. பிறகு நான்கு. பிறகு ஒரேயடியாக இரண்டுக்கு விழுந்தது. இன்ஜின் ஒரு இருமல்கூட இல்லாமல் அடங்கியது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உருட்டி ஓரம் கட்டினார். மஞ்சள் போர்டுக்குச் சற்று முன்னால் நின்றோம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இறங்கினார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். லாரியைப் பார்த்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வெயிலில் நின்றார்.

“ஏன் அங்க போய் நிக்கிறீங்க? நிழலுக்கு வாங்க.”

“வேணாம் பாய். டீசல் டேங்க் அந்தப் பக்கம் கீது. நான் கிட்ட நின்னுகினு இருந்தேன்னு நாளைக்கு எவனாச்சும் சொல்லுவான். தினமும் இங்கதான் நிப்பேன். கைய கூட முன்னால வெக்கிறது இல்ல.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரு மனிதன் தன் வண்டியை விட்டு அவ்வளவு தூரம் தள்ளி நிற்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. மீட்டரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பத்து நிமிடம் போனதும் மீட்டர் தானாக ஐந்துக்கு ஏறியது. டிரைவர் வந்து சாவியைத் திருப்பினார், வண்டி ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பியது.

அந்த இடத்துக்கு ஒரு மர்மமும் இல்லை. கிணற்றடியிலிருந்து முழு லோடுடன் வெயிலில் வந்தால், பெட்டி சூடாகி மயங்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அவ்வளவு நேரத்தில் லாரி வந்து சேரும் இடம் அதுவாக இருந்தது. திரும்பும்போது தண்ணீர் டேங்க் காலி, சூடு குறைவு, நிற்காது. விடியற்காலையிலும் நிற்காது. டீச்சர் கண்ட சிவப்புப் புள்ளிகள் உண்மைதான். அவர் போட்ட கணக்குத்தான் தப்பு.

பெட்டிதான் என்று சொல்வதற்கு முன்னால் மற்றதை எல்லாம் கழித்துப் பார்க்க வேண்டும். அது விலையுள்ள சாமான், தப்பாகச் சொன்னால் என் பெயர் கெடும். ஒவ்வொரு சென்சாராகப் பிடுங்கிவிட்டு அளந்தேன். வயர் எங்கேயாவது உரசுகிறதா என்று முழு நீளமும் விரலால் தடவினேன். கடைசியில் வீட்டிலிருந்து முடி காய வைக்கும் டிரையரை எடுத்துவந்தேன். என் மனைவிக்கு அதில் இன்னமும் வருத்தம் உண்டு. டீச்சரையும் வரச் சொன்னேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டிரையரைப் பெட்டியின் மேல் மட்டும் காட்டினேன். டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றது. பக்கத்து ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸை பாலிதீன் பையில் கட்டிப் பெட்டியின் மேல் வைத்தேன். மறுபடி ஸ்டார்ட் ஆனது. அவர் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். செய்தேன், நின்றது. ஐஸ் வைத்தேன், கிளம்பியது.

“சரி, பெட்டி போச்சு,” என்றார். டிரைவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது. “ஆனா நல்லா இருந்த பெட்டி எப்படிப் போச்சு? வாங்கி ரொம்ப நாள் ஆகல. அவன் என்னமோ பண்ணியிருக்கான். தண்ணி அடிச்சுக் கழுவியிருப்பான், இல்லன்னா எங்கயாவது வயரை நோண்டியிருப்பான்.”

“தண்ணி உள்ள போகல டீச்சர். வயர் மாட்டற பின் எல்லாம் காஞ்சு சுத்தமா இருக்கு.”

“அப்போ எப்படி?”

“தெரியல.”

அது உண்மை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். அதனால் போட்டோ அந்த போனிலேயே இருந்தது. பெட்டி கெட்டதா என்ற கேள்வி போய், யார் கெடுத்தது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. சந்தேகப்படுகிறவர்களுக்குக் காலி நாற்காலி ஆகாது.

வேறு லாரியில் கழற்றிய பழைய பெட்டி ஒன்று கிடைக்குமா என்று டீச்சர் விசாரித்தார். கிடைக்கும், ஆனால் அது தான் பழைய லாரியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும் என்றேன். புதுசே போடச் சொன்னார். அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பெட்டி வந்து சேரும்வரை லாரி என் கடை வாசலில் நின்றது. டிரைவர் தினமும் தாம்பரத்தில் பஸ் மாறி வந்து, வேலை எதுவும் இல்லாமல் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வராமல் இருந்தால் ஓடிப்போனதாகச் சொல்வார்கள் என்ற பயம். கேபினைத் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார்.

புதுப் பெட்டி வந்த அன்று பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பேட்டரிப் பக்கம் போனேன். எந்த எலக்ட்ரிகல் வேலைக்கும் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும். டிரைவர் கேபினிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

“பாய், பாய், அத்த கழட்டாதீங்க.”

“கழட்டாம எப்படி?”

“டீச்சருக்கு மெசேஜ் பூடும் பாய். பேஜாராயிடும்.”

எனக்குப் புரியவில்லை. கழற்றினேன். கழற்றிய டெர்மினல் இன்னும் கையில் இருக்கும்போதே அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே டீச்சர் குரல் எனக்குக் கேட்டது.

“பேட்டரிய எதுக்குக் கழட்டினே?”

போனை நான் வாங்கிக்கொண்டேன். நான்தான் கழற்றினேன், பெட்டி மாற்றப் போகிறேன் என்றேன். அதன் பிறகுதான் டீச்சர் விவரம் சொன்னார். அவருடைய வேறு லாரிகளில் முன்னால் இருந்த இரண்டு டிரைவர்கள் பேட்டரியைக் கழற்றி டிராக்கரை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டு, அவருக்குத் தெரியாமல் வெளி லோடு அடித்திருக்கிறார்கள். அதிலிருந்து பேட்டரி துண்டானால் அவருடைய போனுக்கு உடனே செய்தி வருகிற மாதிரி டிராக்கரை மாற்றியிருக்கிறார். டிரைவருக்கும் கண்டிப்பான உத்தரவு. எந்தக் காரணத்துக்காகவும் பேட்டரியைத் தொடக் கூடாது.

“வண்டி வாங்கினதுலேருந்து இன்னிக்குத்தான் பாய் முதல் தடவையா அந்த மெசேஜ் வருது. ஒரு தடவைகூட கழட்ட விட்டதில்ல.”

பெருமையாகத்தான் சொன்னார். நான் போனைக் காதில் வைத்தபடியே லாரியின் பின்னால் நடந்துபோய்த் தண்ணீர் டேங்கைப் பார்த்தேன். தண்ணீர் லாரி டேங்க் என்றால் ஒழுகும். ஒழுகினால் வெல்டிங் வைப்பார்கள். அடியில் வரிசையாகத் தழும்புகள், சில பழையவை, சில பெயிண்ட்கூட அடிக்காத புதியவை.

“இந்த வெல்டிங் எல்லாம் வைக்கும்போது?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“எப்பவும் பேட்டரியோடதான் பாய். கழட்டினா டீச்சர் போன் பண்ணுவாங்க. எதுக்கு வம்புன்னு அப்டியே வெச்சிகினு வந்துடுவோம். பழைய லாரில எல்லாம் அப்டித்தான வெப்போம், ஒண்ணும் ஆகலயே.”

பழைய லாரியில் ஒன்றும் ஆகாது. கெட்டுப்போக அதில் மூளை இல்லை. இந்த லாரியில் வெல்டிங் மின்சாரம் அடிச்சட்டமான சேஸிஸ் வழியாகப் பாயும்போது, பேட்டரி மாட்டியிருந்தால், அந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்து வரும். ஒரே நாளில் சாகடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பழைய பெட்டியைக் கழற்றி, மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். எர்த் போகிற பக்கத்தில் செப்புக்கோடு ஒன்று கருகிச் சுருண்டிருந்தது. டீசல் திருடினால் அங்கே கருகாது.

டீச்சர் அரை மணிக்குள் வந்துவிட்டார். கருகிய கோட்டைக் காட்டினேன். டேங்கின் தழும்புகளைக் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்ததால் போயிருக்கிறது, கழற்றாததற்குக் காரணம் உங்கள் உத்தரவு. கணக்கு டீச்சர் என்பதால் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஏதோ ஒன்றை விரலால் அழுத்தினார்.

“அந்தப் போட்டோவை அழிச்சுட்டேன் பாய்,” என்றார், என்னிடம்.

என்னிடம் சொல்லி என்ன பயன்? சொல்ல வேண்டியவர் வாசலில் நின்றிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதையும் கற்றுக்கொடுக்க நான் யார்? வேலையைப் பார்த்தேன்.

புதுப் பெட்டியை மாட்டிவிட்டால் மட்டும் வண்டி ஓடாது. சேஸிஸ் நம்பரைச் சொல்ல வேண்டும், சாவியை அறிமுகப்படுத்த வேண்டும். டீசலைப் பீச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கிற எழுத்துகளை டார்ச் அடித்துப் படித்து, பிசகாமல் ஏற்ற வேண்டும். டிரைவர் டார்ச் பிடித்தார். வெளிச்சம் நான் பார்க்கிற இடத்திலேயே இருந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்தது. ஸ்கேனரில் பழைய கூட்டம் கலைந்து, கோளாறு இல்லை என்று வந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் முழு லோடுடன் மூன்று பேரும் மாம்பாக்கத்திலிருந்து கிளம்பினோம். டீச்சரும் கேபினில் ஏறிக்கொண்டார். மஞ்சள் போர்டு வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை. மேடவாக்கத்தில் இறங்கும்போதுதான் டீச்சர் டிரைவரைப் பார்த்துப் பேசினார்.

“இனிமே வெல்டிங் வச்சா பேட்டரியக் கழட்டிடு. மெசேஜ் வந்தா நான் கேக்க மாட்டேன்.”

டிரைவர் இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை உருவி, உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினார்.

“நான் கழட்ட மாட்டேன் டீச்சர். நீங்க வந்து கழட்டுங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க.”

குரலை உயர்த்தவில்லை. அவருக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்பதை, என் கடை வாசலில் அவர் துடைத்துக்கொண்டிருந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். சாவி நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. டீச்சர் சாவியையே பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“அபார்ட்மெண்ட்ல காத்துட்டிருக்காங்க. வண்டிய எடு,” என்றார்.

டிரைவர் வண்டியை எடுத்தார். அதில் யார் ஜெயித்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு வேலையாக மேடவாக்கம் பக்கம் போனபோது, வெல்டிங் பட்டறை வாசலில் அதே லாரியைப் பார்த்தேன். டேங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்த ஸ்கூட்டர். டீச்சர் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். பேட்டரி மூடியைத் தூக்கினார். பழகிய கையாக இருந்தது. டெர்மினலைத் தளர்த்தி, தூக்கி, ஓரமாக மடக்கி வைத்தார். கைப்பைக்குள் போன் ஒலித்தது.

தானே கழற்றியதுதான். இருந்தாலும் போனை எடுத்துப் படித்தார். அந்தச் செய்தியில் வண்டி நம்பர் இருக்கும், இடம் இருக்கும், நேரம் இருக்கும். கழற்றியது யார் என்று இருக்காது. படித்து முடித்துவிட்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் பார்த்தார். டிரைவர் அங்கே வெயிலில் நின்றிருந்தார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.